மரத்துக்கு ஒரு ஊர்

சாலையில் மரங்களை வெட்டிச் சாய்க்கச் சொல்லி உத்தரவு போட்டவர் சின்னதுரை. தன் அக்காள் மகள் அன்று சாயங்காலம் அதே சாலையில்தான் சின்னசேலம் ரயிலடிக்குப் போயாக வேண்டும் என்பது அவர் ஞாபகத்துக்கு வந்தபோது, மரங்கள் விழுந்து, அவற்றின்மேல் ஆட்கள் வசதியாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கோரிக்கையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கச்சிராயபாளையத்தைச் சுற்றி எத்தனையோ ஊர்களில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அந்த நாற்காலி எந்த மரத்தில் செய்தது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வார்கள். வெட்டி அனுப்பியதே அவர்கள்தானே. சங்கடம் என்னவென்றால், கோரிக்கையோடு சேர்ந்து சின்னதுரையும் வளர்ந்துவிட்டார். மறியலை நடத்திய சங்கத்தின் ஒன்றியத் துணைச் செயலாளர் ஆன மறுநாளே லெட்டர் பேடு அடித்தார். அதில் பெயருக்கு முன்னால் ‘சமூகநீதிச் சுடர்’ என்று இருந்தது. யார் கொடுத்த பட்டம் என்று கேட்டவர்களிடம் ‘மக்கள்’ என்றார். அச்சாபீஸ்காரரும் மக்களில் ஒருவர்தான்.

அக்காள் மகள் செந்தமிழ்ச்செல்வி, செக்கோஸ்லோவாக்கியாவில் பிராக் நகரத்தில் சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்து, பரீட்சை எழுதி, அந்த நாட்டு அரசாங்கத்தின் செலவிலேயே போனவள். ஆடியில் லீவுக்கு வந்தபோது, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் சின்னதுரை சுவரொட்டி ஒட்டியிருந்தார்: ‘லண்டன் மாநகரில் கொடி நாட்டித் திரும்பும் எங்கள் குலவிளக்கே, வருக!’ செல்வியின் படம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருந்தது. மீதி இடத்தில் சின்னதுரை கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் படிக்கிறது பிராக்ல.”

“தெரியும். செக்கோன்னு ஆரம்பிச்சா என் தோளு வெளிய போயிடுது. லண்டன்னா நாலே எழுத்து, அடக்கமா இருக்குது பாரு.”

இப்போது லீவு முடிந்துவிட்டது. மறுநாள் மெட்ராசில் விமானம். அதைத் தவறவிட்டால் கல்லூரியில் பெயர் பதிகிற நாள் தாண்டிவிடும். இடம் வேறு யாருக்கோ போகும். செல்வி இதை விளக்கமாகச் சொன்னாள். அம்மா பச்சையம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போக முடியலன்னா சாமி உத்தரவு குடுக்கலன்னு அர்த்தம். தையில கல்யாணத்த முடிச்சிடலாம்” என்றாள். சாமியின் உத்தரவையும் தம்பியின் உத்தரவையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

வாசலில் அக்பர் அலியின் அம்பாசிடர் நின்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து முந்தின நாளே சவாரி வந்து, மரம் விழுந்ததில் மாட்டிக்கொண்டவர்.

“தலைவரே, வழி இருக்குதா?”

“நான் இருக்கேன் பாய்.”

“அதான் கேட்டேன்.”

“பாலு, பொணம், புள்ளத்தாச்சி. இந்த மூணுக்கும் வழி வுடச் சொல்லியிருக்கேன். என் தீர்மானம்தான்.”

அக்பர் அலி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். “பாப்பா மூணுத்துலயும் வராதே.”

“நாலாவது ஒண்ணு இருக்குது. அதுக்குப் பேரு சின்னதுரை.” அவர் சட்டைப்பையைத் தட்டினார். உள்ளே லெட்டர் பேடு இருந்தது.

முதல் மரம் ஒரு வேலமரம். ரொம்பப் பெரியது இல்லை; ஆனால் முள். காவலுக்கு இருந்த இளவட்டங்களுக்கு வீரமுத்து என்பவன் தலைமை. சின்னதுரை இறங்கி, துண்டைச் சரிசெய்து, ஒரு தாளைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வீரமுத்து வாங்கிப் படித்தான். “இந்தச் சீட்டு உங்க ஒன்றியத்துக்குத்தாங்க. தோ, அந்த மைல்கல்லுக்கு இந்தாண்ட எங்க ஒன்றியம்.”

“டேய், மரத்த வெட்டச் சொல்லி உத்தரவு போட்டதே நான்தாண்டா.”

“ரொம்ப நல்ல உத்தரவுங்க. அத மீறக் கூடாதுன்னுதான் காலையிலேர்ந்து குந்திக்கினு இருக்கோம்.”

அக்பர் அலி ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். சிரிப்பதற்கு அது வசதி.

வீரமுத்து காருக்குள் எட்டிப் பார்த்தான். “லண்டன் பொண்ணுதானே? போஸ்டர்ல பாத்தேன். தபாரு, பஸ்ஸும் இல்ல, பேப்பரும் இல்ல. ரேடியோவுல பேட்டரியும் பூட்ச்சி. லண்டன் எப்டி இருக்கும்னு சொல்லேன். புடிச்சிருந்தா மரத்த இழுக்கறோம்.”

“சொல்லு, சொல்லு” என்று சின்னதுரை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “பெரிய பாலம், ராணி, ஏதாச்சும் சொல்லு.”

“நான் லண்டனே பாத்ததில்லண்ணே” என்றாள் செல்வி. “நான் இருக்கறது பிராக்.”

“பெராக்கா? கேள்விப்பட்டதே இல்லியே. அங்க இன்னா இருக்குது?”

செல்வி காரிலிருந்து இறங்கிவிட்டாள். லீவில் ஊரார் அவளிடம் நிறையக் கேட்டிருந்தார்கள். ஏன் வெளுக்கவில்லை, அங்கே அரிசி உண்டா, தங்கம் என்ன விலை. அந்த ஊர் எப்படி இருக்கும் என்று இதுவரை ஒரு ஆளும் கேட்கவில்லை. ரெண்டு மாசமாகத் தொண்டைக்குள் மடித்து வைத்திருந்த ஊர் அது. கேட்டதும் விரிந்துகொண்டது.

“ஊருக்கு நடுவுல ஒரு கோபுரமுங்க. அதுல மணி காட்ட மட்டுமில்ல, சூரியன், நிலா எங்க இருக்குதுன்னு காட்டவும் ஒரு கடிகாரம். நம்ம ஊர்ல சோழன் முடிஞ்சி நூறு வருஷமோ என்னமோ, அப்பவே செஞ்சது. மணி ஆச்சின்னா பக்கத்துல நிக்கிற எலும்புக்கூடு கயித்த இழுத்து மணி அடிக்கும்.”

“எலும்புக்கூடா?”

“எமன் மாதிரி. உன் நேரம் போய்க்கினே இருக்குதுன்னு சொல்றதுக்கு.”

“பாத்தியாடா, எமனுக்கே நெரந்தர வேலை போட்டுக் குடுத்திருக்கான்” என்றான் ஒருவன்.

“அப்பால மேல ரெண்டு ஜன்னல் தொறக்கும். ஏசுவோட சீடருங்க பன்னெண்டு பேரு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. கடைசியா ஒரு சேவல் கூவும். மொத தபா பாத்தப்ப, பனியில நின்னுக்கினு, அடுத்த மணிக்கும் அங்கியே நின்னேன். காலு மரத்துப்போச்சி. ஆனா நகர மனசில்ல.”

வீரமுத்து யோசித்தான். “பன்னெண்டு பேருமா வருவாங்க? யாராவது ஒருத்தரே தெனம் வந்துட்டு, மத்தவங்கள உள்ளியே வெச்சிட மாட்டாங்களே?”

“இல்ல. ஒவ்வொரு மணிக்கும் பன்னெண்டு பேருக்கும் எடம் உண்டு.”

“அதத்தாண்டா நாமளும் கேக்கறோம்.” வீரமுத்து மரத்தைவிட்டு இறங்கினான். “கடிகாரத்துலயே ஒதுக்கீடு வெச்சிருக்கான். இழுங்கடா.”

கார் நகர்ந்தபோது சின்னதுரை, “நம்ம லெட்டர் பேடுக்கு மரியாதை இருக்குது பாத்தியா” என்றார்.

இரண்டாவது மரம் புங்கமரம். பெண்கள் ஜாஸ்தியாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்லியம்மாள், காலை நீட்டிக்கொண்டு. ஒரு பையன் சைக்கிளில் முன்னாலேயே வந்து செய்தி சொல்லியிருந்தான். அதனால் சின்னதுரை தாளைக் கிழிப்பதற்கு முன்னாலேயே செல்லியம்மாள், “நீ கொஞ்சம் நவுருப்பா, மறைக்கிற” என்றாள். “ஏ பொண்ணு, அந்த எலும்புக்கூடு கத எங்களுக்கு வந்துடுச்சி. வேற ஊரு சொல்லு.”

கல்வராயன் மலை மேற்கே நீலமாகக் கிடந்தது. செல்வி அதைப் பார்த்துக்கொண்டே வெனிசுக்குப் புறப்பட்டாள். போன வருஷம் லீவில் சூடான் நாட்டுத் தோழி ஒருத்தியோடு மாணவர் டிக்கெட் எடுத்து ரயிலில் போனது. கையில் ரொட்டியும், இங்கிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயும்.

“ராத்திரி பூரா மலைமேல வண்டி போவுது. ஜன்னல தொறந்தா பனி.”

“நம்ம மலையவிட ஒசரமா?”

“பல மடங்கு ஒசரம் ஆயா—” என்று ஆரம்பித்தவள், செல்லியம்மாளின் முகம் மாறியதைப் பார்த்து, “—அத்தே” என்று திருத்திக்கொண்டாள்.

“தெனை வெளையுமா? தேனு?”

“ஒண்ணியும் இல்ல. வெறும் பனி.”

“அப்ப ஒசரமா இருந்து இன்னா புண்ணியம். மேல சொல்லு.”

“காலையில எறங்கி, ஸ்டேஷன் வாசல் படியில காலு வெக்கறோம். தெருவே இல்ல. தண்ணி. படி நேரா தண்ணியில எறங்குது. எதிர்ல தண்ணிக்குள்ளாற மாளிகைங்க நிக்குது. பஸ் படகு, போலீஸ் படகு, தீயணைக்கறதும் படகு. காய்கறிக்காரன் படகுலேர்ந்தே நிறுத்துக் குடுக்கறான். என் தோழி என்னைக் கிள்ளினா, நான் அவளக் கிள்ளினேன். ரெண்டு பேருக்கும் வலிச்சிது. நெசந்தான்னு அப்பறம்தான் எறங்கினோம்.”

“பொணம்?”

“அதுவும் படகுலதான் போவும்.”

பிறகு, துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். “அப்ப அந்த ஊர்ல மறியல் எப்டி பண்றது?”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மரத்தைக் குறுக்கே போடலாம் என்றார் ஒருவர். மரம் மிதந்து போய்விடும் என்றார் இன்னொருவர். படகையே குறுக்கே கட்டலாம். ஆனால் சந்து முழுக்கத் தண்ணி என்றால் எத்தனை படகு கட்டுவது? சங்கிலி போட்டால்? அடியில் நீந்திப் போவான். சின்னதுரை இதுதான் தருணம் என்று தொண்டையைச் செருமி, “ஐரோப்பாக் கண்டத்திலே, உரிமைப் போராட்டம் என்பது, அருமை உடன்பிறப்புகளே—” என்று தொடங்கினார்.

“இருய்யா, நாங்களே தண்ணியில நின்னுக்கினு இருக்கோம்” என்றாள் செல்லியம்மாள்.

கடைசியில் வெனிசில் மறியல் சரிப்படாது, உண்ணாவிரதம்தான் சரி என்று முடிவாயிற்று. அந்தத் திருப்தியில் எல்லோருமாகக் கிளையை ஒதுக்கி, வயல் ஓரமாகக் காருக்கு வழி விட்டார்கள். செல்வி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டினாள். “பாய், அடுத்த மரத்துக்கு வியன்னா சொல்லட்டுமா? புடாபெஸ்ட்டும் இருக்குது. அங்க வெட்டவெளியில வெந்நீர்க் கொளம், பனி கொட்டக் கொட்ட அதுல குந்திக்கினு பெருசுங்க சதுரங்கம் ஆடும்.”

“எனக்கு வெந்நீர் சொல்லு பாப்பா. மரத்துக்கு வேற சொல்லு” என்றார் அக்பர் அலி. “நேரம் கம்மியா இருக்குது.”

மூன்றாவது மரத்தைப் பார்த்ததும் அக்பர் அலி இன்ஜினையே நிறுத்திவிட்டார். கிழட்டுப் புளியமரம். சாலையை அடைத்து, இரண்டு பக்கமும் பள்ளத்தில் கிளை பரப்பிக் கிடந்தது. அதை இழுக்க யானை வேண்டும். தாண்டி, அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் டிரெய்லரோடு நின்றது. மரத்தின்மேல் இருந்தவர்கள் எல்லாம் கரும்பு விவசாயிகள். டிராக்டர்காரர் பிச்சைமுத்துதான் பேசினார். கதை கேட்கிற முகம் இல்லை அது.

“நீதான் மரத்துக்கு ஒரு ஊரு சொல்லிக்கினு வர்ற பொண்ணா? ஊரு கெடக்கட்டும். நீ இன்னா படிக்கிற?”

“சக்கரைத் தொழில்நுட்பம்ணே. மில்லுல சக்கரை எடுக்கற படிப்பு.”

மரத்தின்மேல் ஒரு மரியாதை அசைந்தது. இரண்டு பேர் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“அப்டியா? அந்த ஊர்ல கரும்பு ஏக்கராவுக்கு எத்தினி டன்னு?”

“அங்க கரும்பே வெளையாதுண்ணே. குளிரு. கெழங்குலேர்ந்து சக்கரை எடுக்கறாங்க. பீட்ரூட் மாதிரி, ஆனா வெள்ளையா இருக்கும்.”

அசைந்த மரியாதை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

“பீட்ரூட்டு பொரியல் பண்ற சாமானாச்சே.”

“அத சன்னமா சீவி, வெந்நீர்ல போட்டு, சாற எறக்கி—”

“கொழம்பு வெக்கற பக்குவம் சொல்லுது” என்றார் ஒருவர்.

பிச்சைமுத்து சிரிக்கவில்லை. “கரும்பே இல்லாத ஊர்ல போயி சக்கரை படிக்கிற. போஸ்டர்ல லண்டன்னு போட்டிருந்திச்சி. மொத மரத்துல பெராக்குன்ன. ரெண்டாவது மரத்துல தெருவே இல்லாத ஊருன்ன. இப்ப கெழங்குல சக்கரைங்கற. எங்கள இன்னான்னு நெனச்ச?”

செல்வி மாமாவைப் பார்த்தாள். மாமா தன் நாலு எழுத்தை நினைத்துக்கொண்டோ என்னவோ, புளியமரத்தின் பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு அவளருகே வந்து, “கரும்புன்னே சொல்லிடேன். உனக்கு இன்னா போவுது? ரயிலு போயிடும்” என்றார்.

சொல்லிவிடலாம்தான். மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க அவள் ஏற வேண்டிய, எப்போதுமே தாமதமாக வருகிற விருத்தாசலம் பாசஞ்சர், அன்றைக்கென்று நேரத்துக்கு வந்தால் என்ன செய்வது? ஆனால் லண்டன் என்று ஒருவர் சொன்னதில்தானே இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் விளக்கம் எல்லாம் மறந்துபோய், கண்ணால் பார்த்ததுதான் வாயில் வந்தது.

“ஏண்ணே, நான் ஒரு மாசம் அந்த மில்லு எடைமேடையில நின்னவ. போன ஐப்பசியில. கெழங்கு ஏத்தின டிராக்டருங்க ரோட்டு ஓரம் கண்ணுக்கெட்டின மட்டும் நிக்கும். மழை. ராத்திரியெல்லாம் வண்டிமேலயே தூங்குவாங்க. மொறை வந்தா, உள்ளேர்ந்து ஒருத்தன் கம்பிய வுட்டு கொஞ்சம் கெழங்கு எடுத்துக்கினு போவான். வந்து, மண்ணு ஜாஸ்தி, சக்கரை கம்மிம்பான். மண்ணுக்குன்னு எடையில கழிப்பான். எவ்ளோ கழிச்சான்னு கேட்டா—”

நிறுத்தினாள். மரத்தின்மேல் யாரும் அசையவில்லை.

பிச்சைமுத்து மெதுவாக இறங்கி வந்தார். “இன்னா சொன்ன? மண்ணுக்குக் கழிக்கிறானா?”

“ஆமாண்ணே.”

“கழுவி எடுத்துக்கினு போனா?”

“தண்ணி ஜாஸ்தின்னு கழிப்பான்.”

அவர் பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெட்டறதுக்கு கட்டிங் ஆர்டர் எப்டி?”

“மில்லுலேர்ந்து தேதி வரும். நெலம் காஞ்சி நல்லா இருக்கறப்ப வராது. மழை புடிச்ச அன்னிக்கி வரும்.”

“எடை போடறவன் ஜன்னலாண்ட நம்ம ஆளு போயி கேட்டா, அவன் எங்க பாப்பான்?”

“வானத்தப் பாப்பான்ணே.”

“அட, அது சக்கரை மில்லுதாண்டா!” பிச்சைமுத்து மரத்தை ஓங்கித் தட்டினார். “இத எப்டிடா பொய் சொல்ல முடியும்? கெழங்குல எடுத்தா இன்னா, கல்லுல எடுத்தா இன்னா. மில்லு மில்லுதான்.”

மரத்தின்மேல் இருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். இப்போது வேறு ஆபத்து. அவர்கள் அவளை விடுவதாக இல்லை. கம்பி எவ்வளவு நீளம், மழையில் கிழங்கு அழுகுமா, அந்த ஊர் விவசாயி என்ன சொல்லித் திட்டுவான். திட்டை அவள் செக் மொழியில் சொல்லிக் காட்ட, அர்த்தம் கேட்காமலே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தூரத்தில் ரயில் ஊதியது.

“அய்யய்யோ, பொண்ணு வண்டியப் புடிக்கணுமே” என்றார் பிச்சைமுத்து. பெட்டி ஒருவர் தலைக்குப் போயிற்று. செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைகளுக்கு ஊடே ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். டிராக்டர் உறுமியது. காவலுக்கு இருந்த அத்தனை பேரும், வழியனுப்ப என்று டிரெய்லரில் தொற்றிக்கொண்டார்கள்.

சின்னதுரையும் ஏறத்தான் பார்த்தார். கஞ்சி போட்ட வேட்டி ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, டிராக்டர் தூசியாகப் போய்க்கொண்டிருந்தது. மரத்தின்மேல் அவர் தனியாக, மேடையில் நிற்பதுபோல நின்றார். உயரம் பொருத்தமாக இருந்ததாலோ என்னவோ, “இன்றைய தினம் எங்கள் குடும்பத்து விளக்கு—” என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

“சொல்லுங்க தலைவரே” என்றார் அக்பர் அலி, கார் கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டு. “எனக்கு மட்டும் எங்க போக வழி இருக்குது?”

டிரெய்லரில் செல்வி பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். காற்றில் தலைமுடி கலைந்து வாயில் விழுந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. முழுச் சாலையும் அவளுக்கு. பிராக்கிலோ வியன்னாவிலோ இந்த வேகத்தில் அவள் போனதே கிடையாது. சிரிப்பு வந்தது, அடக்காமல் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் எதற்கு என்று கேட்காமல் கூடவே சிரித்தார்கள்.

சின்னசேலத்தில் வண்டி வந்து, எதிர் வண்டிக்காகக் காத்து நின்றிருந்தது. டிராக்டர் நேராக ஸ்டேஷன் வேலி வரைக்கும் போயிற்று. டிக்கெட்டுக்கு ஒருவர் ஓடினார். அவர் திரும்புவதற்குள் பெட்டியும் செல்வியும் உள்ளே ஏற்றப்பட்டுவிட்டார்கள். கார்டு பச்சைக் கொடியை விரித்தார். டிக்கெட் ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தது.

பிச்சைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் எவ்ளோ நாளு படிப்பு?”

“மூணு வருஷம்ணே.”

“முடிச்சிட்டு வந்து நம்ம மில்லுல குந்தும்மா. அந்த ஜன்னலுக்கு உள்ளாற நம்ம ஆளு ஒருத்தரு கூட இல்ல.”

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார்.

“வந்தா மண்ணுக்குக் கழிக்க மாட்டேன்னு நெனைக்காதீங்கண்ணே” என்று செல்வி சத்தமாகச் சொன்னாள். “மண்ணு இருந்தா கழிச்சித்தான் ஆவணும்.”

“கழிச்சிக்கோ பாப்பா, யாரு வாணாம்னாங்க” என்றார் பிச்சைமுத்து, இப்போது ஓட்டமும் நடையுமாக. “எங்க மூஞ்சியப் பாத்து கழி.”

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். செல்வி வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முகம் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.